மூடிய ஹோட்டலில் ஒரு முருகைத் தொட்டி

கதிராமனை முதன்முதலாகச் சந்தித்தபோது அவர் மின்சாரம் திருடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

2020ஆம் ஆண்டு ஆனி மாதம். கொவிட் முடக்கம் தளர்ந்து நாங்கள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய வாரம். நான் மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிறவன். திருகோணமலை உட்துறைமுக வீதியும் அதை ஒட்டிய ஒழுங்கைகளும் அப்போது என் பகுதி. அந்த வீதியில், துறைமுகத்தைப் பார்த்தபடி இரண்டு மாடி ஹோட்டல் ஒன்று நின்றது. முந்திய வருடச் சித்திரையில் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்த பிறகு வெளிநாட்டுக்காரரின் வரவு நின்றுபோனது. பங்குனியில் முடக்கமும் வர, வேலையாட்களை அனுப்பிவிட்டு முற்றாக மூடிவிட்டார்கள். படலைக்குச் சங்கிலி போட்டிருந்தது. வெளிமதிலில் இருந்த மீற்றர்ப் பெட்டியைத் திறந்து இலக்கங்களை இரண்டு தரம் வாசித்தேன். ஆளில்லாத கட்டடத்தில் மாதத்துக்கு ஆயிரம் அலகு போயிருந்தது.

சங்கிலியைப் பிடித்துத் தட்டினேன். கனநேரத்துக்குப் பிறகு ஒருவர் இடது காலை இழுத்தபடி வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். மெலிந்த உடம்பு, ஆனால் நல்ல அகலமான நெஞ்சு. இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் நனைந்திருந்தன.

"ஹோட்டல் பூட்டித்தானே கிடக்கு அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம், பூட்டித்தான்."

"அப்ப இவ்வளவு கறண்டையும் ஆர் பாவிக்கினம்?"

அவர் சங்கிலிப் பூட்டைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ளுக்கு வந்து பாருங்கோ தம்பி" என்றார். குரல் கரகரத்திருந்தது. அந்தக் கரகரப்புக்குக் காரணம் சளியோ தடிமனோ அல்ல, அதற்கு முன் ஒன்பது நாட்களாக அவர் ஒருவரோடும் கதைத்திருக்கவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

வரவேற்புக் கூடம் இருட்டாக இருந்தது. கதிரைகளையும் மேசைகளையும் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கி, அறைகளில் இருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளால் மூடியிருந்தார்கள். அந்த இருட்டின் நடுவே ஒன்பது அடி நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று மட்டும் மத்தியானக் கடல்போல வெளிச்சமாக இருந்தது. மேலே சங்கிலிகளில் மூன்று பெரிய விளக்குகள் தொங்கின. அவற்றின் வெளிச்சம் அசையும் தண்ணீரில் உடைந்து, வலை வலையாக, அடியில் இருந்த மணலிலும், முருகைகள் என்று நாங்கள் சொல்லும் உயிருள்ள பவளப்பாறைகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். முகட்டிலும், விரிப்புகளின் மேலும்கூட அந்த வலை ஆடியது.

"கறண்டைக் குடிக்கிறது இதுதான்" என்றார் அவர். "நான் பாவிக்கிறது ஒரு பல்ப்பும் ஒரு ஃபானும்."

"வேற ஒருத்தரும் இல்லையோ இங்க?"

"மீன் பதினாலு இருக்கு" என்றார்.

சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. எண்ணித்தான் சொன்னார்.

அன்றைக்கு நான் போக வேண்டிய வீடுகள் இன்னும் நாற்பது இருந்தன. ஆனாலும் அரை மணித்தியாலம் அங்கே நின்றேன். அவர் விளக்குகளைக் காட்டினார். அவை மெட்டல் ஹேலைட் விளக்குகள். கண்ணாடிக் குழாய்க்குள்ளே மின்பொறி வளைந்து எரிகிற வகை. விளையாட்டு மைதானத்திலும் துறைமுகக் கிரேன்களிலும் போடுகிற இனம்தான், நிறம் மட்டும் கடலுக்கு ஏற்ற நீலவெள்ளை. ஒவ்வொன்றும் நானூறு வாற். அந்தச் சூட்டில் தண்ணீர் கொதித்துப் போகாமல் இருக்கக் குளிராக்கும் மெஷின் ஒன்று பின்பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. நான் குறிப்புப் புத்தகத்தில் 'மீற்றர் சரி' என்று எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும். அப்படித்தான் அவருடைய கதை துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது.

கதிராமன் வெருகல் பக்கக் கரையோரத்தில் பிறந்தவர். போரில் இடம்பெயர்ந்து அன்புவழிபுரத்துக்கு வந்து, அங்கே இலட்சுமியைக் கலியாணம் முடித்தார். சமாதான காலத்தில் கடலுக்குப் போகும் தடை நீங்கியபோது சுழியோடப் பழகினார். மூதூரைச் சேர்ந்த நிப்றாஸிடம் ஒரு வள்ளம் இருந்தது. நிப்றாஸ் மேலே வள்ளத்தைப் பார்த்துக்கொள்வார், கதிராமன் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கீழே இறங்கிக் கைவலையால் அலங்கார மீன் பிடிப்பார். பிடித்தவற்றைக் கொழும்புக்கு ஏற்றுவார்கள். ஏழு வருடம் இரண்டு பேரும் அப்படித் தொழில் செய்தார்கள்.

2010 புரட்டாதியில் ஒருநாள் அவர் மூன்றாவது தரம் இறங்கினார். முப்பத்தைந்து மீற்றர் ஆழம். அரிதான வண்ணாத்தி மீன் சோடி ஒன்று பாறைக்கடியில் ஒளிந்து ஒளிந்து ஓட, அதற்குப் பின்னால் போனதில் காற்று முடிந்துகொண்டு வந்ததைக் கவனிக்கவில்லை. வழியில் நின்று நின்று ஏற வேண்டியவர் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். அப்படி வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் கட்டிவிடும். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து, "பசிக்குது" என்று நிப்றாஸிடம் சொன்னார். நிப்றாஸ் பாண் ரொட்டியைப் பிய்த்துக் கையில் கொடுத்தார். அதை வாயில் வைப்பதற்கு முன்னமே இடுப்புக்குக் கீழே உடம்பு இல்லாததுபோல் ஆகிவிட்டது.

கடற்படைத் தளத்தில் அழுத்த அறைக்குள் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். உயிர் தப்பியது. ஐந்து மாதத்தில் நடந்தார். இடது கால் முழுதாகத் திரும்பவில்லை, வலது கை நடுக்கமும் போகவில்லை. இனிமேல் தண்ணீருக்கு அடியில் இறங்கவே கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். நிப்றாஸ் ஒரு வருடம் கிழமைக்கு ஒருக்கா வந்து பார்த்தார். பிறகு வள்ளத்தை விற்றுவிட்டுக் கத்தாருக்குப் போய்விட்டார்.

"அவரில பிழையில்லை" என்றார் கதிராமன். "என்ர காலைப் பாக்கேக்குள்ள அவருக்கு முகம் மாறும். பாவம், எத்தினை நாளைக்கு அப்பிடிப் பாக்கிறது."

2012இல் அந்த ஹோட்டல் திறந்தது. உரிமையாளர் பாக்கியரத்தினம் கொழும்பில் இருப்பவர். திருகோணமலைக்கு வருகிறவர்களுக்குக் கடலுக்கு அடியைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, கொழும்பில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்து தொட்டியைக் கட்டினார். நங்கூரங்களில் அடிபட்டு உடைந்த முருகைத் துண்டுகளை அரசாங்கத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதத்தோடு எடுத்து வைத்தார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளக் கதிராமனை வேலைக்கு எடுத்தார்கள். ஒரு வருடத்தில் கொழும்பு ஆட்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அவர் எல்லாவற்றையும் பழகியிருந்தார். ஹோட்டலின் பின்பக்கத்து அறை ஒன்றிலேயே தங்கிவிட்டார். அன்புவழிபுரத்து வீட்டில் இலட்சுமியும் மகள் கிருசாந்தினியும் மருமகனும் இருந்தார்கள். பஸ்ஸில் ஏறினால் கால் மணித்தியாலப் பயணம். அவர் மாதத்தில் ஒருநாள்தான் போனார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டில எல்லாரும் என்னோட மெதுவாக் கதைக்கினம் தம்பி" என்றார். "வருத்தக்காரனோட கதைக்கிற மாதிரி. நான் எழும்பினா ரெண்டு பேர் எழும்புவினம். இங்க அந்தக் கரைச்சல் இல்லை."

2020 ஐப்பசியில் பாக்கியரத்தினம் தொலைபேசியில் அழைத்தார். தற்செயலாக நானும் பக்கத்தில் நின்றேன். சத்தம் வெளியே கேட்டது.

"கதிராமன், பூட்டின ஹோட்டலுக்கு ஆயிரம் அலகு எண்டா நான் என்ன செய்யிறது? உலகம் முழுக்க இப்ப எல்.ஈ.டிதான். மூண்டு லைற் எடுப்பிச்சு அனுப்பிறன், பழசைக் கழட்டுங்கோ."

கதிராமன் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். "ஒண்டு மட்டும் அனுப்புங்கோ ஐயா" என்றார். "ஒரு பக்கத்துக்குப் போட்டுப் பாப்பம். ஆறு மாதம் தாங்கோ. முருகை சரியெண்டு சொன்னா நானே மற்ற ரெண்டையும் கழட்டுறன்."

உரிமையாளர் ஒத்துக்கொண்டார்.

கார்த்திகையில் விளக்கு வந்தது. தட்டையான கறுப்புப் பெட்டி. அதன் வயிற்றில் அரிசி அளவில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன விளக்குகள், நீலமும் வெள்ளையும். இரண்டு குமிழ்கள் இருந்தன, ஒன்று நீலத்தைக் கூட்டிக் குறைக்க, மற்றது வெள்ளைக்கு. தொட்டியின் வலது பக்கத்து ஹேலைட்டைக் கழற்றி அதை மாட்டினோம். இடதிலும் நடுவிலும் பழையது அப்படியே இருந்தது.

கதிராமன் கிளை முருகை ஒன்றில் இருந்து ஒரே அளவில் பத்துத் துண்டுகள் வெட்டினார். ஒவ்வொன்றையும் சீமெந்து வில்லையில் ஒட்டி, ஐந்தை இடது கோடியிலும் ஐந்தை வலது கோடியிலும் ஒரே ஆழத்தில் வைத்தார். ஒரே தாயின் பிள்ளைகள் என்றபடியால் வித்தியாசம் வந்தால் அது வெளிச்சத்தால்தான் வரும் என்றார். நான் மீற்றர் பார்க்க வரும் நாளிலேயே அவற்றையும் அளப்பது என்று முடிவானது. அவருடைய கை நடுங்குவதால் அளவு பார்க்கும் அடிமட்டத்தைப் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. கையைத் தோள் வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு நான் அளவைச் சொல்ல, அவர் கொப்பியில் இடது கையால் மெல்ல மெல்ல எழுதுவார். என் பங்குக்கு அலுவலகத்தில் இருந்து ஒரு மீற்றரைக் கொண்டுபோய் விளக்குகள் இழுக்கும் மின்சாரத்தை அளந்தேன். ஹேலைட் நானூற்று முப்பது வாற். எல்.ஈ.டி நூற்றி அறுபது. அதில் சூடும் குறைவு என்பதால் குளிராக்கும் மெஷினும் கொஞ்சம் ஓய்வெடுத்தது.

முதல் மாதம் போனபோது வலது கோடியில் இருந்த ஐந்தும் எலும்புபோல வெளிறி இருந்தன.

"இந்த லைற் சரிவராது அண்ணை" என்றேன். "வெளிச்சம் போதாது. பாருங்கோ, அந்தப் பக்கத்தை விட இது மங்கலாக் கிடக்கு."

அவர் கனநேரம் கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்தார். கால் மரத்துப்போய் நான் தூக்கிவிட வேண்டியிருந்தது. "இல்லைத் தம்பி. வெளிச்சம் கூடிப்போச்சு" என்றார். "முருகையின்ர தோலுக்குள்ள பாசி ஒண்டு குடியிருக்கு. அது வெளிச்சத்தில சமைக்கிற சாப்பாட்டிலதான் முருகை சீவிக்குது. அந்தப் பாசிக்கு நீலம்தான் முக்கியம். எங்கட கண்ணுக்கு நீலம் மங்கலாத் தெரியும். நான் என்ர கண்ணை நம்பிக் குமிழை முழுக்கத் திருப்பி விட்டிட்டன். பாசி வெந்து வெளியில போயிட்டுது. பிழை என்னில."

வெளிச்சத்தை அளக்கும் கருவி எங்களிடம் இருக்கவில்லை. அவர் இரண்டு குமிழ்களையும் பாதிக்குக் கீழே இறக்கினார். கிழமைக்குக் கிழமை ஒரு பொட்டு ஏற்றினார். எவ்வளவு ஏற்றினார் என்பதைக் குமிழ்ப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். ஐந்தில் ஒன்று செத்தது. நாலு பிழைத்தன. மாசியில் அவற்றுக்கு மண்ணிறம் திரும்பியது. சித்திரையில் நுனிகள் ஊதா நிறத்துக்கு வந்தன. ஹேலைட் பக்கத்தில் நான் அப்படியொரு நிறத்தைக் கண்டதேயில்லை.

ஆறு மாத முடிவில் கடைசி அளவை எடுத்தோம். இடது கோடித் துண்டுகள் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் வளர்ந்திருந்தன. வலது கோடியில் பிழைத்தவை அதற்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் பின்னால். முதல் மாதம் வீணாகப் போனதைக் கழித்தால் சமம் என்றே சொல்லலாம். எல்.ஈ.டியின் கீழே கிளைகளின் அடிப்பக்கம் நிழலில் கொஞ்சம் செத்திருந்தது, அது ஒரு குறை. ஹேலைட்டின் குறை வேறு. ஒரு வருடம் எரிந்த பல்ப் மஞ்சளுக்குத் திரும்பி, கண்ணாடியில் பச்சைப் பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது. புதுப் பல்ப் எடுப்பிக்க வழியும் இல்லை. இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள்.

"அப்ப எல்.ஈ.டி சரி" என்றேன்.

"பிழை சொல்ல ஏலாது" என்றார்.

"ஆனா?"

அவர் வலது பக்கத்து மணலைக் காட்டினார். அங்கே வெளிச்சம் அசையாமல் கிடந்தது. ஹேலைட் ஒற்றைப் புள்ளியில் இருந்து எரிவதால் அதன் வெளிச்சம் சூரியனைப்போலத் தண்ணீருக்கடியில் கோடு கோடாக ஓடும். எல்.ஈ.டியில் நூறு புள்ளிகள். ஒன்றின் கோட்டை மற்றது அழித்துவிடும்.

"மூண்டு பாகம், ஒரு பதினெட்டு அடி ஆழத்தில மல்லாந்து கிடந்து மேல பாத்தா இந்தக் கோடுதான் தம்பி உடம்பெல்லாம் ஓடும். வயித்தில, கையில எல்லாம். நான் வேலை முடிஞ்சு ஏறேக்குள்ள கொஞ்ச நேரம் அப்பிடிக் கிடந்திட்டுத்தான் வாறனான்."

"முருகைக்கு அந்தக் கோடு வேணுமோ?"

"முருகைக்கு வேணுமோ தெரியேல்ல" என்றார். "எனக்கு வேணும்."

உரிமையாளரிடம் அவர் உண்மையையே சொன்னார். எல்.ஈ.டி போதும், முருகை வளரும், மின்சாரமும் மிச்சம் என்றார். பிறகு, மற்ற இரண்டு ஹேலைட்டும் அவற்றின் பல்ப்புகள் தேய்ந்து முடியும் வரைக்கும் எரியட்டும் என்று கேட்டார். இவ்வளவு காலத்தில் கதிராமன் தனக்கென்று கேட்ட ஒரே விஷயம் அதுதான் என்றபடியாலோ என்னவோ அந்த மனுசன் சம்மதித்துவிட்டார்.

நான் போகும்போது சில நாட்களில் அவர் இடது பக்கத்துக்கு முன்னால் தரையில் விரிப்புப் போட்டு மல்லாந்து கிடப்பார். முகட்டில் அந்த வலை ஆடும். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு எழும்பிவிடுவார். பிறகு நான் படலையிலேயே பெரிதாகக் கூப்பிட்டு, அவர் எழும்புவதற்கு நேரம் கொடுத்து உள்ளே போகப் பழகினேன்.

2022 வந்தது. அந்த வருடப் பொருளாதார நெருக்கடி நாட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றது. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. நான் மின்சார சபைக்காரன் என்பதால் தெருவில் போகவே கூச்சமாக இருந்த நாட்கள் அவை.

ஹேலைட்டுக்கு ஒரு குணம் உண்டு. சூடாக எரியும்போது மின்சாரம் போனால், திரும்பி வந்ததும் அது எரியாது. ஆறிக் குளிர்ந்த பிறகுதான், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, மெல்ல ஏறும். ஒரு நாளில் மூன்று நாலு தரம் அப்படி அணைந்து எரிந்ததில் நடு விளக்கின் பல்ப் ஒரு கிழமையில் போய்விட்டது. முன்பு வலது பக்கத்தில் இருந்து கழற்றி வைத்த பல்ப்பை மாட்டினார். அதுவும் கண் சிமிட்டத் தொடங்கியது. வெளிச்சத்தைவிடப் பெரிய பிரச்சினை தண்ணீர். பம்ப் நின்றால் தண்ணீர் அசையாது, மீனுக்கும் முருகைக்கும் ஒக்சிசன் இல்லை.

மீற்றர் வாசிக்கும் நாளல்லாத ஒரு நாளில், மனம் கேட்காமல் சைக்கிளில் போனேன். பெற்றோல் இல்லை. கதிராமன் தொட்டியோரம் வாங்கு ஒன்றின் மேல் உட்கார்ந்து, சின்ன வாளியால் தண்ணீரை அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அள்ளுவது, ஊற்றுவது. தொட்டியின் மறுபக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். காலடியில் சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் இருந்தது. அவர்தான் இலட்சுமி. பஸ் ஓடாததால் அன்புவழிபுரத்தில் இருந்து நடந்து வந்திருந்தார்.

"எப்பயிலிருந்து ஊத்திறீங்கள்?" என்று கேட்டேன்.

"கறண்ட் போனதில இருந்து" என்றார் கதிராமன்.

"இவர் எனக்குச் சொல்லவேயில்லை" என்றார் இலட்சுமி, என்னைப் பார்க்காமல். "ரெண்டு கிழமையா இப்பிடி இருந்திருக்கிறார். போன் எடுத்தா, சுகமா இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லுவார்."

"சொல்லி என்ன செய்யிறது" என்றார் கதிராமன்.

இலட்சுமி வாளியை நிரப்பி ஊற்றினார். இரண்டு ஊற்றலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தது. பொழுது சாய முன்னம் இலட்சுமி எழும்பி, "சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

அடுத்த நாள் நான் சரீப்பைக் கூட்டிக்கொண்டு போனேன். சரீப் எங்கள் பக்கத்தில் ரேடியோவும் மோட்டரும் திருத்துகிறவர். ஹோட்டல் வேனின் பற்றரியைக் கழற்றினோம். சரீப் தன் கடைக் கூரையில் இருந்த இரண்டு சோலர் தகடுகளைக் கொண்டுவந்தார். அதை வைத்து ஒரு சின்னப் பம்பையும், குறைந்த அளவில் எல்.ஈ.டி விளக்கையும் நாள் முழுக்க ஓட்டலாம். ஹேலைட் ஒன்றை மூட்டினாலோ பற்றரி ஒரு மணித்தியாலம் தாங்காது.

கதிராமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கதிரையை இழுத்து அதன் மேல் ஏறப் பார்த்தார். நான் தடுத்தேன். "விடுங்கோ தம்பி. இதை நான்தான் கழட்ட வேணும்" என்றார். நாங்கள் காலைப் பிடித்துக்கொள்ள, நடுங்கும் கையால் இரண்டு ஹேலைட் விளக்குகளின் இணைப்பையும் கழற்றினார். கூடத்தின் இடது பக்கம் இருண்டது.

அன்று மாலைக்குள் முருகைகளை ஒவ்வொன்றாக வலது கோடிக்கு மாற்றினோம். மூன்றடி இடத்தில் எல்லாம் அடங்காது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று கொட்டிச் சாகடிக்கும். எதை வைப்பது, எதை விடுவது என்று அவரே தீர்மானித்தார். கெதியில் வளர்வதைக் குறைத்து, மெதுவாக வளர்வதை முன்னுக்கு வைத்தார். இடது பக்கத்தில் மேசைபோலப் படர்ந்த முருகை ஒன்று இருந்தது. 2012இல் பெருவிரல் அளவில் அவர் வைத்தது. இப்போது வண்டிச் சில்லு அளவு. பாறையோடு பாறையாக ஒட்டி வளர்ந்திருந்ததால் அசைக்க முடியவில்லை. சரீப் உளியால் வெட்டி எடுப்போமா என்று கேட்டார். அதன் கரையில் இருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்து வலது பக்கத்தில் வைத்துவிட்டு, "இது காணும், போதும்" என்றார் கதிராமன்.

அது ஏழு கிழமையில் செத்தது. முதலில் நிறம் போனது, பிறகு கரையில் இருந்து நடுவை நோக்கித் தோல் கழன்றது. அவர் ஒவ்வொரு நாளும் கைவிளக்கால் அதைப் பார்த்தார். செத்த தோல் தண்ணீரைக் கெடுக்காமல் குழாயால் உறிஞ்சி எடுத்தார். ஒருநாள் என்னிடம், "அழுகல் மணமும் போயிட்டுது. இனி ஒண்டுமில்லை" என்றார். மீன்களில் ஐந்து மிஞ்சின. வலது கோடியில் இருந்த முருகைகளில் ஒன்றும் சாகவில்லை. கரையில் இருந்து எடுத்த அந்தத் துண்டும் பிடித்துக்கொண்டது.

மின்சாரம் வழமைக்குத் திரும்பியபோது, இனி அந்த ஹேலைட் ஒன்றையாவது போடலாமே என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். அணைந்து எரிகிற வெளிச்சத்தை நம்பி ஒரு தரம் பிழை விட்டது போதும் என்றார். பழைய விளக்குகளைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, ஹோட்டலின் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அந்த மாதங்களில் அவர் தரையில் மல்லாந்து கிடக்க நான் காணவில்லை. நான் போனால் தேத்தண்ணி போட்டுத் தருவார். கேட்டதற்குப் பதில் சொல்வார். குடித்து முடிய நான் வெளிக்கிடுவேன்.

2023 கடைசியில் ஹோட்டல் கைமாறியது. புதிதாக வாங்கியவர்கள் கூடத்தை உடைத்துச் சாப்பாட்டுக் கடை ஆக்கத் தீர்மானித்தார்கள். தொட்டிக்கு இடமில்லை. பாக்கியரத்தினம், பல்கலைக்கழக வளாகத்தில் கடலியல் படிப்பிக்கும் லக்சனா என்ற விரிவுரையாளரோடு கதைத்து, உயிருள்ளவற்றை நிலாவெளிப் பக்கத்தில் உள்ள அவர்களுடைய ஆய்வு அறைக்குக் கொடுக்க ஒழுங்கு செய்தார். லக்சனா வந்து பார்த்தபோது கதிராமன் தன் கொப்பியை நீட்டினார். லக்சனா அதை நின்றபடியே முழுவதும் வாசித்தார்.

"ஐயா, இதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை, மிஸ். பாத்து எழுதினது."

"எங்கட பிள்ளைகள் கொம்பியூட்டரில இதைத்தான் தேடிக்கொண்டிருக்கினம். ஒரு பக்கம் ஹேலைட், ஒரு பக்கம் எல்.ஈ.டி, ஒரே தாயின்ர துண்டு. நீங்கள் அங்க வந்து வேலை செய்யலாமே?"

கதிராமன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். மூன்று கிழமை யோசித்தார்.

இப்போது அவர் அன்புவழிபுரத்து வீட்டில் இருக்கிறார். கிழமையில் மூன்று நாள் பஸ்ஸில் வளாகத்துக்குப் போய் வருகிறார். நான் கந்தளாய்க்கு மாற்றலாகிப் போனபடியால் அடிக்கடி சந்திப்பதில்லை. போன மாதம் லீவில் வந்தபோது காலையிலேயே வளாகத்துக்குப் போனேன். ஆய்வு அறையின் கதவு திறந்திருந்தது, உள்ளே இருட்டு. கதிராமன் பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டேன்.

அங்கே இருப்பது புது வகை எல்.ஈ.டி. காலையில் தானே எரியத் தொடங்கும். முதலில் கடும் நீலம், பிறகு ஒரு மணித்தியாலம் எடுத்து மெல்ல மெல்ல வெள்ளைக்கு ஏறும். மாலையில் அதேபோல இறங்கும். எல்லாம் லக்சனாவின் தொலைபேசியில் பதிந்திருக்கிறது. கை வைக்க ஒரு குமிழும் இல்லை.

"எட்டரைக்கு வந்தாக் காணும் எண்டு மிஸ் சொல்லுறா" என்றார். "எனக்கு இங்க விடிய வேலை ஒண்டும் இல்லை."

"பிறகேன் முதல் பஸ்ஸில வாறீங்கள்?"

"விடிய எழும்பி லைற் போட்டுப் பழகிப் போச்சு."

பெடியள் எல்லாம் நல்ல பிள்ளைகள் என்றார். ஐயா ஐயா என்று வந்து கேட்பார்களாம். என்ன பதில் சொல்வது என்று சிலவேளை தெரியவில்லையாம். பதினொரு வருடம் ஒருவரும் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது ஒரே நாளில் நாலு பேர் கேட்டால், வாய்க்கு வார்த்தை வர நேரம் எடுக்கிறதாம். வீட்டில் எப்படி என்று கேட்டேன். இலட்சுமி முன்போல மெதுவாகக் கதைப்பதில்லை, ஏசுகிறாள் என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

தொட்டிக்குள் நீலம் ஏறத் தொடங்கியது. கற்களின் உருவம் தெரிந்தது. முருகைகள் மெதுவாக வாய் திறந்தன. பிறகு அவர், என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், "அது தானா விடியுது" என்றார்.

வெளியில் மாணவர்கள் வரும் சத்தம் கேட்டது. கதிராமன் எழும்பிக் கதிரையைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.